ஆஃப்செட்டைத் தொடாமல் இருப்பது எப்படி: கன்ட்ரோல் சார்ட் விளக்கம்

[திரை: சிஎன்சி லேத்தின் கதவு திறக்கிறது. கூலன்ட் சொட்டும் ஷாஃப்ட்டைத் துடைத்து மைக்ரோமீட்டரில் வைக்கிறது ஒரு கை.]

இந்த ஷாஃப்ட்டின் விட்டம் 25 மில்லிமீட்டர். 20 மைக்ரான் கூடலாம், 20 மைக்ரான் குறையலாம் என்று டிராயிங்கில் போட்டிருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். முதல் பீஸை அளக்கிறேன், 25.008. 8 மைக்ரான் அதிகமாயிற்றே என்று ஆஃப்செட்டில், அதாவது வெட்டுகிற முனையின் இடத்தைத் திருத்த மெஷினில் தட்டுகிற எண்ணில், 8 குறைக்கிறேன். அடுத்த பீஸ் 24.989. இப்போது 11 குறைவு, சரி, 11 கூட்டுகிறேன். அடுத்தது 25.012. இப்படியே ஷிப்ட் முழுக்க. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் செய்தது இதைத்தான், டீக்குக்கூடப் போகாமல். பொறுப்பான பையன் என்று சூப்பர்வைசர் சொன்னார். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அந்த வரிசையிலேயே ரிஜெக்‌ஷன் அதிகம் என் மெஷினில்தான்.

பக்கத்து மெஷின் அதே மாடல், அதே வேலை. அதை ஓட்டியவர் மணிக்கு ஒரு தடவை நாலைந்து பீஸை அளந்து ஒரு தாளில் புள்ளி வைப்பார், பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் திரும்பி உட்கார்ந்துவிடுவார். சோம்பேறி என்று நினைத்தேன். குவாலிட்டியில் இருந்த ஒரு மூத்தவர்தான் ஒருநாள் வந்து, "தம்பி, ரெண்டு மணி நேரத்துக்கு அந்தக் கீபோர்டு பக்கமே போகாத" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் தன் வகுப்புகளில் செய்து காட்டியது இது.

[திரை: தரையில் விரித்த போர்வை, நடுவில் பேனாவால் ஒரு புள்ளி, மேலே ஸ்டாண்டில் ஒரு புனல்.]

எண்ணெய் ஊற்றுகிற புனல், ஒரு கோலிக்குண்டு, இது போதும். புனலைப் புள்ளிக்கு நேர் மேலே வைத்து கோலியைப் போடுங்கள், விழுந்த இடத்தில் குறி வையுங்கள். புனலை அசைக்காமல் 50 தடவை. புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன வட்டமாகக் குறிகள் சேரும். இப்போது இரண்டாவது ஆட்டம். கோலி வலப்பக்கம் 2 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், புனலை இருந்த இடத்திலிருந்து இடப்பக்கம் 2 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் திருத்துங்கள். மறுபடியும் 50.

வட்டம் பெரிதாகிவிடும். எவ்வளவு பெரிது என்றால், திட்ட விலக்கம் (நடுவிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். காரணம் சிக்கலானதே இல்லை. கோலி 2 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது புனலின் தப்பு இல்லை, அது அந்த ஒரு தடவைக்கான தற்செயல். அதைத் திருத்துகிறேன் என்று போன கோலியின் தற்செயலை அடுத்த கோலியின் தலையில் கட்டுகிறேன். அடுத்த கோலிக்கு அதற்கென்று ஒரு தற்செயல் தனியாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆட்டுகிறது. லேத்தில் ஒரு மாதம் நான் ஆடிய ஆட்டமும் அதுதான், கோலிக்குப் பதிலாகக் கம்பெனியின் ஸ்டீல்.

அப்படியானால் தொடவே கூடாதா? உலோகத்தை வெட்டுகிற இன்செர்ட் முனை உடைந்தால்கூடச் சும்மா இருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் வால்டர் ஷூஹார்ட். டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனிக்காரர். சிக்காகோ பக்கத்தில் இருந்த அவர்களின் ஹாதார்ன் ஆலையில் பல்லாயிரம் பேர் வேலை செய்தார்கள், குறைபாடுள்ள பீஸைக் கடைசியில் பொறுக்கி எடுக்கவே பெரிய பட்டாளம் தேவைப்பட்ட காலம் அது. 1924 மே 16 அன்று ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒரே பக்கம், அதிலும் ஒரு பகுதி படம். நடுவில் ஒரு கோடு, மேலே கீழே ஒவ்வொரு கோடு, இடையில் புள்ளிகள். கன்ட்ரோல் சார்ட்டின் பிறந்தநாள் அது.

அவர் சொன்னது இதுதான்: மாறுபாட்டுக்கு இரண்டு வகைக் காரணம் உண்டு. பேரிங்கில் துளி ஆட்டம், ஸ்டீல் பாரின் கடினத்தில் சின்ன வித்தியாசம், கூலன்ட் சூடு, பாரைக் கவ்வுகிற ஜாவின் அழுத்தம், இதெல்லாம் எப்போதும் இருக்கிற பொதுக் காரணங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் ஆட்டும், எதையும் தனியாகப் பிடித்து இதுதான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. இன்செர்ட் முனை உடைவது, வேறு லாட் பார் வருவது, ஜாவுக்கு நடுவில் உலோகச் சுருள் சிக்கிக்கொள்வது, இவை சிறப்புக் காரணங்கள். தேடினால் கிடைக்கும், கிடைத்தால் சரிசெய்யலாம். முதல் வகையைத் துரத்தினால் நேரம் வீண், பீஸும் வீண். இரண்டாம் வகையைக் கவனிக்காமல் விட்டால் லாட்டே போகும். இரண்டையும் பிரிக்கிற கோடு எங்கே? அதைத்தான் கணக்கு போட்டுச் சொன்னார்.

கணக்கைப் பார்ப்போம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

[திரை: தாளில் கட்டம், ஒவ்வொரு மணிக்கும் ஐந்து எண்கள்.]

மணிக்கு ஒரு தடவை, அடுத்தடுத்து வந்த 5 பீஸை அளக்கிறோம். அந்த ஐந்தின் சராசரி ஒன்று, அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் வருகிற வீச்சு ஒன்று. 25 மணி நேரம் இப்படிச் சேர்த்த பிறகு, சராசரிகளின் சராசரி 25.002, வீச்சுகளின் சராசரி 12 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பீஸ் கொண்ட குழுவுக்கு 0.577 என்று ஒரு மாறிலி உண்டு, அட்டவணையில் இருக்கும். 12 பெருக்கல் 0.577, ஏறக்குறைய 7 மைக்ரான். மேல்கோடு 25.009, கீழ்க்கோடு 24.995. வீச்சுக்குத் தனிச் சார்ட், அதற்கு 2.114-ஆல் பெருக்கினால் மேல்வரம்பு 25 மைக்ரான். முடிந்தது.

இந்தக் கோடுகள் நடுவிலிருந்து மூன்று சிக்மா, அதாவது அந்தச் சராசரிகளின் திட்ட விலக்கத்தைப் போல மும்மடங்கு தூரத்தில் இருக்கின்றன. பரவல் இயல்பாக, அதாவது மணி வடிவில் இருந்து, எதுவும் கெட்டுப்போகாமலும் இருந்தால், 1,000 புள்ளியில் சுமார் 3 மட்டுமே தற்செயலாக வெளியே போகும். ஆகவே ஒரு புள்ளி வெளியே போனால் மெஷினை நிறுத்தித் தேடுவது லாபம். உள்ளே இருக்கிறதா, கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பத்தில் ஒன்பது பேர் குழம்புகிறார்கள் என்பது என் அனுபவம். டிராயிங்கில் இருக்கிற 24.980, 25.020 கோடுகளைக் கொண்டுபோய் சார்ட்டில் போட்டுவிடுவார்கள். டிராயிங் கோடு கஸ்டமர் கேட்பது, கன்ட்ரோல் கோடு மெஷின் இயல்பாகத் தருவது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, 25.009 என்பது ஐந்து பீஸின் சராசரிக்கான வரம்பு. தனி ஒரு பீஸ் 25.012 வந்தால் அலறக் கூடாது. தனிப் பீஸின் திட்ட விலக்கம் வேண்டும் என்றால் 12-ஐ 2.326-ஆல் வகுங்கள், 5.2 மைக்ரான் வரும். மும்மடங்கு 15.5. ஆக இந்த மெஷின் தன் போக்கில் விட்டால் 24.987-லிருந்து 25.017 வரை பீஸ் தரும். டிராயிங்குக்குள் தாராளமாக அடங்குகிறது.

இப்போது என் முதல் மாதத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு பீஸுக்கும் திருத்தினால் 5.2 என்பது 7.3 ஆகிறது. மும்மடங்கு 22. டிராயிங்கின் 20-ஐத் தாண்டிவிட்டது. பரவல் இயல்பாக இருந்தால், சும்மா விட்டபோது 10,000 பீஸுக்கு 2 அல்லது 3 போகும், நான் உழைத்த உழைப்புக்கு 60 போகும். அந்த 60-க்கும் அதே ஸ்டீல், அதே கரன்ட், அதே இன்செர்ட் தேய்மானம், அதே மெஷின் நேரம், போதாக்குறைக்கு ரீவொர்க். தரத்தைக் கூட்டினால் உற்பத்தி குறையும் என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

கோட்டைத் தாண்டாமலேயே சார்ட் பேசுவதும் உண்டு. நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து 8 புள்ளி வந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. கடைந்த விட்டம் மணிக்கு மணி மெல்ல ஏறுகிறது என்றால் இன்செர்ட் தேய்கிறது. அப்போது ஆஃப்செட்டைத் தொடுவதுதான் சரி, ஏனென்றால் காரணம் தெரியும். அப்புறம் ஒரு ரகம் இருக்கிறது: எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டை ஒட்டி, அழகாக, ஒரே பேனா மையில். கஸ்டமர் ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதிய சார்ட் அது. நிஜ மெஷின் அவ்வளவு ஒழுங்காக நடக்காது, ஆட்டம் இல்லாத சார்ட் பொய் சார்ட். கடைசி இலக்கம் எப்போதும் 0 அல்லது 5 என்றால் அதுவும் அப்படித்தான். இப்படி எழுதுகிறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, புள்ளி வெளியே போனால் மெமோ கொடுக்கிற கம்பெனியில் புள்ளி ஒருநாளும் வெளியே போகாது.

அளக்கிற கருவியையும் நம்பிவிடாதீர்கள். ஒரே பீஸை இரண்டு பேரிடம் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாமல் மும்மூன்று தடவை அளக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தை அளவாக வைக்கிற மைக்ரோமீட்டரின் ராட்செட்டைச் சுழற்றாமல் கையால் இறுக்குகிறவர் ஒருவர் இருந்தால் போதும், மெஷினில் இல்லாத மாறுபாடெல்லாம் தாளில் வந்துவிடும்.

சரி, சிறப்புக் காரணம் எதுவும் இல்லை, சார்ட் அமைதியாக இருக்கிறது, ஆனால் கஸ்டமருக்குப் போதவில்லை என்றால்? கார் கம்பெனிகள் வழக்கமாகக் கேட்கிற சிபிகே 1.33. சராசரியிலிருந்து பக்கத்து டிராயிங் வரம்பு வரை உள்ள தூரத்தை மும்மடங்கு திட்ட விலக்கத்தால் வகுத்தால் வருவது அது. நம் ஷாஃப்ட்டில் மேல்வரம்புக்கு 18 மைக்ரான் இருக்கிறது, அதை 15.5-ஆல் வகுத்தால் 1.16. ஆஃப்செட்டை ஒரே ஒரு தடவை 2 மைக்ரான் இறக்கி நடுவில் நிறுத்தினால் 1.29. அதற்குமேல் நகர்த்திப் பயனில்லை, ஆட்டத்தையே குறைக்க வேண்டும். இங்கே சார்ட்டின் வேலை முடிந்து பரிசோதனையின் வேலை தொடங்குகிறது.

1953-ல் ஜப்பானின் இனா டைல்ஸ் கம்பெனிக்கு இதே சிக்கல். சூளையில் வெளிப்புறம் அடுக்கிய டைல்ஸுக்கும் உள்ளே இருந்தவற்றுக்கும் சூடு வேறு, ஆகவே அளவும் வேறு. புதுச் சூளை கட்டினால் பெரிய செலவு. சூளையை விட்டுவிட்டு மண் கலவையில் கை வைத்தார்கள். 7 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. எல்லாச் சேர்க்கையும் பார்த்தால் 128 சோதனை. ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சியின் முறையில் 8 சோதனையில் முடித்தார்கள். கிடைத்த விடை: சுண்ணாம்பை 1 சதவீதத்திலிருந்து 5 ஆக்கு. சூளைச் சூடு முன்போலவே ஏறி இறங்கியது, டைல்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. சுண்ணாம்பு மலிவு வேறு.

8 சோதனைக்கு அடியில் இருக்கிற அட்டவணைக்கு செங்குத்து அணி என்று பெயர், அந்தக் கணிதத்தை 1940-களில் வளர்த்தவர் நம் ஊர்ப் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவ். ஒரு எச்சரிக்கை: 128-ஐ 8 ஆக்கினால் எதையாவது இழந்தே ஆக வேண்டும். இரண்டு அம்சம் சேர்ந்து செய்கிற கூட்டு விளைவு, தனி விளைவோடு கலந்து மறைந்துவிடும். பீஸ் சுழலும் ஸ்பீடும் முனை நகரும் ஃபீடும் ஒன்றையொன்று பாதிக்கும் லேத்தில் இது விளையாட்டில்லை. கிடைத்த விடையை வைத்து ஒரு லாட் ஓட்டிப் பார்க்காமல் புரோகிராமை மாற்றாதீர்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் அழைத்து 1947-48-லேயே ஷூஹார்ட் இந்தியாவுக்கு வந்தார். டெமிங் ஜப்பான் போய்ப் பாடம் எடுத்ததே 1950-ல்தான். ஜப்பானியர்கள் 1951-ல் டெமிங் பெயரில் பரிசு வைத்தார்கள், அந்தப் பரிசை 1998-ல் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வாங்கியது, 2002-ல் டிவிஎஸ் மோட்டார். விஷயம் நமக்கு முன்னாடியே தெரியும், லேத் பக்கத்துக்கு வந்து சேரத்தான் அரை நூற்றாண்டு.

நாளைக்கே தொடங்க சாஃப்ட்வேர் வேண்டாம், கோடு போட்ட தாள் போதும். அதிகம் தொல்லை தருகிற ஒரே ஒரு அளவை எடுங்கள், ஒன்று போதும், பத்து வேண்டாம். மணிக்கு ஐந்து பீஸ், 25 மணி நேரம். பக்கத்தில் ஒரு நெடுவரிசை விட்டு நடந்ததையெல்லாம் எழுதுங்கள்: இன்செர்ட் மாற்றியது, கரன்ட் போய் வந்தது, புது லாட் பார், ஆள் மாறியது. பின்னால் ஒரு புள்ளி வெளியே போகும்போது பதில் அந்த நெடுவரிசையில்தான் இருக்கும். அந்த 25 மணி நேரம், பீஸ் டிராயிங்கைத் தாண்டாதவரை, ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். கை துறுதுறு என்று வரும், எனக்கும் வந்தது. அந்த மூத்தவர் எனக்கு என்ன செய்தார் தெரியுமா, மைக்ரோமீட்டரை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மணி அடிச்சதும் வந்து வாங்கிக்கோ" என்று போய்விட்டார்.