ஆயா பார்த்தது எந்தக் குண்டு? – ஃபிலிம் நடை, உங்கள் சந்தேகங்களுக்கு விளக்கம்

போன வீடியோவில் பாரிமுனைப் பக்கம் ஃபிலிம் கேமராவோடு நடந்ததைக் காட்டியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைப் படித்துவிடுகிறேன்: "எங்கள் ஆயாவுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. சின்ன வயதில் குண்டுக்குப் பயந்து மெட்ராஸை விட்டு ஓடிய கதையை அடிக்கடி சொல்வார். எண்ணெய் டாங்கி எரிந்ததைப் பார்த்தேன் என்பார், புலியைச் சுட்டார்கள் என்பார். வீட்டில் யாரும் நம்புவதில்லை. அந்த இடங்களை ஃபிலிமில் எடுக்க ஆசை. எங்கே போவது, எந்த ரோல் போடுவது?"

முதலில் புலி. ஆயா சொல்வது நிஜம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மக்கள் பூங்காவில்தான் அப்போது மிருகக்காட்சி சாலை இருந்தது. ஊரில் அதற்குப் பெயர் உயிர் காலேஜ், ஆயாவிடம் கேட்டுப் பாருங்கள், உடனே தெரியும். எழும்பூர் மியூசியத்துக்குப் பெயர் செத்த காலேஜ். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942 ஏப்ரலில் ஜப்பான் கடற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டது. 5ஆம் தேதி கொழும்பில் குண்டு, 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையில். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே நினைத்தது. கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, மலபார் ஸ்பெஷல் போலீஸை வைத்துச் சுட்டுவிட்டார்கள். அரசாங்க அலுவலகங்களே வெளியூருக்கு மாறின. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. ஜட்ஜே கிளம்பிவிட்ட பிறகு ஆயா வீட்டார் மட்டும் உட்கார்ந்திருப்பார்களா?

எண்ணெய் டாங்கி வேறு கதை. அது முதல் உலகப் போர் காலம், 1914 செப்டம்பர் 22 ராத்திரி. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கடலில் நின்றபடி சுமார் 130 குண்டுகளை வீசிவிட்டு, அரை மணி நேரத்துக்குள் போய்விட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள் எரிந்தது அன்றைக்குத்தான். ஆயா அப்போது பிறந்திருக்கவே முடியாது.

அதற்காக ஆயா கதை விடுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அத்தைப் பாட்டியும் இப்படித்தான். ஏழுகிணறு வீட்டு மொட்டை மாடியில் நின்று அந்தத் தீயைப் பார்த்ததாகச் சொல்வார். அவர் பிறந்தது 1931. பார்த்தது அவருடைய அம்மா. 1942இல் வீட்டுப் பெரியவர்கள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, எம்டன் வந்தபோது என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருந்த பத்து வயதுப் பெண்ணுக்கு இரண்டும் ஒரே ராத்திரி ஆகிவிட்டது. போதாததற்கு 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று வந்து துறைமுகப் பக்கம் நிஜமாகவே குண்டு போட்டது. இது மூன்றும் கலந்துதான் பல வீடுகளில் 'யுத்த காலத்துக் கதை' என்று வருகிறது.

பர்மாவில் ரங்கூனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களிலும் இதே கலவை உண்டு. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு மணிப்பூர் வழியாக நடந்தே வந்தவர்கள் ஒரு கூட்டம். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்த பிறகு கப்பலில் வந்தவர்கள் இன்னொரு கூட்டம். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பர்மா பஜார், இந்த இரண்டாவது கூட்டத்துக்காக உண்டானது. காட்டு வழியாக நடந்து வந்த தாத்தாவின் கதைக்கு அங்கே போய்க் கடைகளைப் படம் எடுத்தால் பொருந்தாது. அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போங்கள், அது வேறு.

ஆகவே ஆயாவிடம் போனை நீட்டி, 'நீங்கள் அப்போது பிறக்கவே இல்லையே' என்று தேதியைக் காட்டாதீர்கள். ஒரு முறை அப்படிச் சொன்னால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். யார் சொல்லிக் கேட்டீர்கள், எந்த வீட்டில் இருந்தீர்கள், விமானம் வருகிறது என்று சங்கு ஊதினால் எங்கே போய் ஒளிந்தீர்கள், சாமான்களை யாரிடம் விட்டுவிட்டுப் போனீர்கள், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினீர்கள் என்று கேளுங்கள். தேதி எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்ட பசை காய்ச்சியது யார் என்பது ஆயாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

சரி, எங்கே போவது? யுத்தம் மெட்ராஸில் விட்டுப்போன தடம் ரொம்பக் குறைவு. எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது. அங்கே பாதுகாப்பு அதிகம், காவலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். துறைமுகத்துக்குள் கேமராவைத் தூக்கவே வேண்டாம். உயிர் காலேஜ் இருந்த பக்கம் இப்போது நேரு ஸ்டேடியம். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அழகான இடம், வரிசையாகக் கற்கள், படம் நன்றாக வரும். ஆனால் அங்கே இருப்பவர்கள் சிப்பாய்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய உங்கள் ஆயா அந்தப் படத்தில் எங்கே வருவார்? என்னைக் கேட்டால் அவருடைய பழைய தெரு, அங்கிருந்து ரயில் ஏறிய ஸ்டேஷனுக்குப் போகும் வழி, அப்புறம் போய்த் தங்கிய ஊர். இந்த வரிசையில் எடுங்கள். ஆயாவால் முடியும் என்றால் ஒரே ஒரு இடத்துக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஆட்டோவில் கூட்டிப் போங்கள். அன்றைக்கு எடுத்துப் போன ட்ரங்குப் பெட்டியோ பித்தளைச் செம்போ வீட்டில் இருந்தால் அதற்கும் இரண்டு ஃபிரேம் வையுங்கள்.

முதல் நாள் கேமராவை எடுக்காதீர்கள். போனில் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். எஸ்எல்ஆர் கேமராவின் 'டக்' சத்தம் கேட்டால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் புடவையைச் சரி செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

ரோல் 400 ஐஎஸ்ஓ (குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும் வேகம்) கறுப்பு வெள்ளை போடுங்கள். இல்ஃபோர்ட் எச்பி5, கோடக் ட்ரை-எக்ஸ், எதுவானாலும் சரி. வீட்டுக்குள் ஜன்னல் ஓரமாக ஆயாவை உட்கார வைத்து எடுக்க 400 இல்லாமல் கஷ்டம். எஃப்2 வரை திறக்கும் லென்ஸ் இருந்தால் ஷட்டர் வேகம் 1/60 நொடி கிடைக்கும். கறுப்பு வெள்ளை கழுவ உங்கள் பக்கத்தில் ஆள் இல்லை என்றால் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 வாங்குங்கள். கலர் ஃபிலிம் கழுவும் சி-41 லேபிலேயே அதைக் கழுவலாம். வீட்டில் கழுவுபவர்கள் கவனியுங்கள்: டெவலப்பர் ரசாயனம் வழக்கமாக 20 டிகிரியில் இருக்க வேண்டும், மே மாதத்தில் நம் குழாய்த் தண்ணீர் 30ஐத் தாண்டிவிடும். ஐஸ் கட்டி வாங்கி வையுங்கள். எடுத்த ரோலை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஸ்கேன் செய்து வாட்ஸாப்பில் அனுப்புவதோடு நிறுத்த வேண்டாம். பெரிய பிரிண்டாகப் போட்டு ஆயா கையில் கொடுங்கள், போன் திரை அந்த வயதுக் கண்ணுக்குச் சரிப்படாது. படத்தைப் பார்த்ததும், 'இந்த வீடு இல்லை, அதற்கு அடுத்த வீடு' என்று ஆரம்பிப்பார். அதற்குள் ரெக்கார்டரைப் போட்டுவிடுங்கள்.