அம்மிக்குழவிதான் என் சாட்சி

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தை வரப்போகும் வீட்டில் கையிருப்பை முதலில் எடுத்துவைக்க வேண்டியது விசேஷத்துக்கா, வீட்டு மராமத்துக்கா? மராமத்துக்கே என்பது எங்கள் அணி. ஐந்து காரணம் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன், ஏனென்றால் எதிரணிச் சகோதரி சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

என்ன சொன்னார்? "வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி கூட அடிக்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். இந்த அணி கடப்பாரையோடு நிற்கிறது. இவர்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சீர் கொண்டுவருவது தாய்மாமன் இல்லை, கொத்தனார்!" நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். சரி, தட்டுங்கள். ஆனால் அதே பெரியவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள், அதை அவர் சொல்லவில்லை. தூளி கட்டினால் பிள்ளையைப் போடும் முன் அம்மிக்குழவியைப் போட்டு ஆட்டிப் பார் என்றார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் வீடு. மனைவிக்கு ஏழாம் மாதம், ஆவணியில் வளைகாப்பு. மண்டபம், சாப்பாடு, வளையல், வீடியோ எல்லாம் சேர்த்து 80 ஆயிரம். மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஒருநாள் அம்மா தன் பழைய நூல் புடவையை எடுத்து வந்து, "கொக்கி நல்லா இருக்கான்னு பாருடா" என்றார். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தளத்தில் இருக்கும் கொக்கி. நான் ஸ்டூலில் ஏறி இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. "நல்லா இருக்கும்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்தார். ஆறேழு கிலோ இருக்கும். தூளியில் கிடத்தினார். ஓர் ஆட்டு. நன்றாக ஆடியது. இரண்டாவது ஆட்டு. மேலே 'கிரிச்' என்று ஒரு சத்தம். மூன்றாவது ஆட்டில் குழவி, கொக்கி, கூடவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தளத்துக் காரை, எல்லாம் சேர்ந்து தரையில்!

நடுவர் அவர்களே, இதை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்ல அனுமதி வேண்டும். முதல் ஆட்டு, நன்றாக ஆடியது. இரண்டாவது ஆட்டு, ஒரு சத்தம். மூன்றாவது ஆட்டு... அந்தத் தூளிக்குள் கல் இருந்தது. கல்தான் இருந்தது. தரையில் நாலு விரல் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

கொத்தனார் வந்து கம்பால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார், எந்தப் பக்கம் தட்டினாலும் பொத்துப் பொத்தென்று சத்தம். மாடியில் தண்ணீர் போகிற குழாயை இலை அடைத்து, மழைத்தண்ணீர் நின்று, மாடித் தரையில் பதித்த தட்டோட்டு இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, தளத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கீழே இருந்து பார்த்த எங்களுக்கு வெள்ளைச் சுவரும் ஓர் ஓதக்கறையும்தான் தெரிந்தன. "15 ஆயிரத்தில் முடிச்சிடலாம்" என்று ஆரம்பித்தார். முட்டுக் கொடுத்து, காரையைக் கொத்தி, துருவைச் சுரண்டி, பூச்சுப் பூசி, மேலே தட்டோட்டைப் பெயர்த்து வாட்டம் பார்த்துப் போட்டு முடித்தபோது 1 லட்சத்து 35 ஆயிரம். நடுவில் எலெக்ட்ரீஷியன் வேறு, சுவருக்குள் ஒயர் நனைந்து கிடக்கிறது, வீட்டில் இஎல்சிபி இல்லை, அது இருந்தால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரம் தானாக நின்றுவிடும் என்றார். தவழப்போகிற பிள்ளை உள்ள வீட்டில் அதை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் வளைகாப்புக்குப் போன 80 ஆயிரம் திரும்பி வரவில்லை. நகையை வைத்துத்தான் வேலை முடிந்தது.

சகோதரியின் ஆணிக்கு வருகிறேன். பெரியவர்கள் சொன்னது சரிதான், நான் அதை மறுக்கவே இல்லை. கர்ப்பிணி இருக்கும்போது சுவரைச் சுரண்டினால் தூசு பறக்கும், பழைய பெயின்ட்டாக இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயின்ட்டை நம்பி எப்படிச் சுரண்டுவது? ஆகவே கர்ப்பிணி வீட்டில் இருக்கும்போது இடிக்காதே. ஆனால் வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்ததும் அதே பெரியவர்கள்தானே! திரும்பி வர மாதக்கணக்கு ஆகும், வீடு காலி. மராமத்துக்கு இதைவிட நல்ல காலம் உண்டா? அந்த நேரத்தில் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி.

மணி அடித்துவிட்டீர்கள், இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள்.

காரை விழுந்த அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். நான் பிறந்தபோது அது ஓட்டு வீடாம். அதுவும் ஒரு ஐப்பசி. ஓடு மாற்றப் பணம் இல்லை. எங்கே தூளியை மாற்றிக் கட்டினாலும் அங்கே ஒழுகியதாம். விடியவிடிய அம்மா என்மேல் கவிழ்ந்து முதுகில் மழையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்பா பக்கத்தில் நின்று அழுதாராம். தங்கச்சி வயிற்றில் இருக்கும்போது அப்பா கடன் வாங்கித் தளம் போட்டார். கம்பி கட்டும்போதே அந்தக் கொக்கியைத் தன் கையால் முடிந்துவைத்தார். அப்பா இப்போது இல்லை. துருப்பிடித்த கொக்கியைக் கழுவித் துடைத்து அம்மா சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்.

மாசியில் மனைவியும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். முதல் நாள் புதுக் கொக்கியில் தூளி கட்டி, அம்மா மறுபடியும் குழவியைப் போட்டார். ஓர் ஆட்டு. இரண்டு. மூன்று. நான் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து, இருபது என்று ஆடிக்கொண்டே இருந்தது. கீழே ஏதோ முனகல் கேட்டுத் திரும்பினால், அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குழவிக்கல்லுக்கு ஆராரோ பாடிக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.