பாலைவனத்தில் இரண்டு சைக்கிள்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

[திரையில்: முழுச் சுமையோடு இரண்டு சைக்கிள்கள், பக்கவாட்டுக் காட்சி]

பாலைவனச் சாலையில் ஜோடியாக நெடுந்தூரம் மிதிக்கத் திட்டமிடுகிறவர்கள் எடையைக் குறைக்க ஒரு கணக்குப் போடுவார்கள். போவது இரண்டு பேர். ஒரு கூடாரம் போதும், ஒரு அடுப்பு போதும், ஒரு பம்ப் போதும், வழி பார்க்க ஒரு போன் போதும். இதில் முதல் இரண்டும் சரி. அடுத்த இரண்டும் உயிருக்கே உலை வைக்கும்.

காரணம் எளிமையானது. இருவரும் நாள் முழுக்க அருகருகே இருக்க மாட்டீர்கள். எதிர்காற்றில் ஒருவர் மணிக்கு 12 கிலோமீட்டர் போகிறார், மற்றவர் 10 போகிறார் என்றால் ஒரு மணி நேரத்தில் இடைவெளி 2 கிலோமீட்டர் ஆகிவிடும். கானல் அலையடிக்கும் சாலையில் அந்தத் தூரத்தில் ஆள் தெரியாது, கூப்பிட்டால் கேட்காது. ஆகவே இந்த வீடியோவில் ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியோடு பார்க்கப் போகிறோம்: துணை கண்ணில் படாத ஒரு மணி நேரத்தில் இது யாரிடம் இருக்க வேண்டும்?

[திரையில்: தண்ணீர்க் கணக்கு]

தண்ணீரில் தொடங்குவோம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இந்த எடையைத் தவிர்க்க வழி இல்லை. எவ்வளவு தேவை என்று சரியாகக் கணக்கிடத்தான் முடியும்.

ஓர் உண்மையான சாலையை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலையில் பாலடோனியாவுக்கும் கய்குனாவுக்கும் இடையே 182 கிலோமீட்டர். அதில் 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத நேர்க்கோடு. சுமையோடு காற்றில்லாத நாளில் மணிக்கு 18 கிலோமீட்டர் போனால் பத்து மணி நேர மிதிப்பு. நடுவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். அதாவது ஒன்றரை நாள். எதிர்காற்று எழுந்து வேகம் பாதியானால் இரவு இரண்டு, மொத்தம் இரண்டரை நாள்.

கடும் வெயிலில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள். இருவருக்கு ஒன்றரை நாளைக்கு 21 லிட்டர், இரண்டரை நாளைக்கு 35. எடுத்துச் செல்ல வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். தண்ணீரை எப்போதும் எதிர்காற்றுக் கணக்கில்தான் நிரப்ப வேண்டும். இதே தூரத்தைக் குளிர்காலத்தில் கடந்தால் ஆளுக்கு நாலரை லிட்டர் போதும், மொத்தம் இருபத்திரண்டரை. எந்த மாதத்தில் போகிறோம் என்ற ஒரே முடிவு பன்னிரண்டரை கிலோவைக் குறைக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து இலகுவான கூடாரம் வாங்கினாலும் இந்த அளவு எடை குறையாது.

வரைபடத்தில் தொட்டி, கிணறு என்று குறியிட்டிருந்தாலும், அண்மையில் அங்கே தண்ணீர் இருந்தது என்று யாராவது உறுதி சொல்லாதவரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாலைவனக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். கையடக்க வடிகட்டி கிருமியைத்தான் நீக்கும், உப்பை நீக்காது. குளோரின் மாத்திரையும் அப்படித்தான்.

இனி பங்கீடு. வலுவானவர் அதிக எடை சுமக்கட்டும். அதனால் இருவர் வேகமும் ஒன்றாகும், பிரிந்து போவதும் குறையும். ஆனால் வலுக்குறைந்தவரின் சைக்கிளில் எந்த நேரத்திலும் இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. பத்து லிட்டர் மடிப்புப் பை வசதியானதுதான், ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே பையில் ஊற்றாதீர்கள். ஒரு முள் குத்தினால் ஒரு நாள் தண்ணீர் மண்ணுக்குப் போய்விடும். ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் ஐந்தாறு, நான்கு லிட்டர் பை இரண்டு என்று சிதறி வையுங்கள். கனமானவை முன்சக்கரத்தின் இருபுறமும் அச்சின் உயரத்தில் இருந்தால் சைக்கிள் நிலையாக ஓடும். கேரியரின் மேலே அடுக்கினால் இறக்கத்தில் ஹேண்டில்பார் படபடவென்று ஆடும். மேலே வைத்தே ஆக வேண்டியிருந்தால், முதலில் குடித்துத் தீர்க்க வேண்டியது அந்தப் பாட்டிலைத்தான்.

வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும்போது தண்ணீர் மட்டும் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். இதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பவர்கள் உண்டு, அது நிலைமையை மோசமாக்கும். உணவில் உப்பைக் கூட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. இந்த அளவில் பொட்டலம் கட்டி, ஆளுக்குச் சில தனித்தனியாக வைத்திருங்கள்.

[திரையில்: முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்]

இப்போது பலர் யோசிக்காத ஒரு விஷயம். பம்ப், பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி, போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசெஞ்சர் ஆகியவை யாரிடம் இருக்க வேண்டும்? பின்னால் வருபவரிடம். முன்னால் போகிறவர் விழுந்தாலோ டயர் காற்று இறங்கினாலோ, பின்னால் வருபவர் சில நிமிடங்களில் அங்கே வந்துவிடுவார். பின்னால் வருபவருக்கு அது நடந்தால், முன்னால் போகிறவருக்குத் தெரிய நேரமாகும். வேகமானவரே எல்லா கருவிகளையும் சுமந்து முன்னால் போய்விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மெதுவானவர் காற்றுப் போன சக்கரத்தோடு வெயிலில் நிற்கிறார். ஆகவே முழுக் கருவிப் பை பின்னவரிடம். அதைத் தவிர இருவரிடமும் தனித்தனியாக ஒரு சிறிய பம்ப், ஒரு டியூப், டயர் நெம்பு, இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடம். இந்த நான்கும் சேர்ந்து அரைக் கிலோதான் வரும். முன்னவர் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, துணை கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். சாலை பிரியும் இடத்தில் கட்டாயம் நிற்க வேண்டும்.

எதிர்காற்றில் அணி மாறும். முன்னவரின் முதுகை ஒட்டி ஒரு சக்கர நீளத்துக்குள் மிதிப்பவருக்குக் காற்றுத் தடை கால் பங்குக்கு மேல் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். ஒருவர் மிக வலுவானவராக இருந்தால் அவர் இருபது, மற்றவர் ஐந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். கனரக வண்டிகள் ஓடும் சாலையில் இந்த ஒட்டுதல் பக்கக்காற்றுக்கு உதவாது, ஏனென்றால் சாய்வாக அணி வகுக்கத் தார்ச்சாலையில் இடம் கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஓடும் ரோட் ட்ரெயின்கள், அதாவது பல இணைப்புப் பெட்டிகளை இழுக்கும் லாரிகள், 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். கடக்கும்போது முதலில் காற்று உங்களை வெளியே தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். பின்னால் ஒன்று, எதிரே ஒன்று என்று ஒரே நேரத்தில் வருவது தெரிந்தால் யோசிக்காமல் இருவரும் சாலையை விட்டு இறங்குங்கள்.

[திரையில்: டயரின் உள்பக்கம், நெருஞ்சி முள்]

அப்படி இறங்கும்போது சைக்கிளை உருட்டாமல் தூக்கி வையுங்கள். உலகின் பல வறண்ட நிலங்களில் பாலைவனச் சைக்கிள்காரர்களின் முதல் எதிரி நெருஞ்சி. நடமாட்டத்தில் மண் கிளறிக் கிடக்கும் சாலையோரம்தான் அதற்குப் பிடித்த இடம். தார்ச்சாலையில் நாள் முழுக்கப் பஞ்சர் ஆகாமல் வந்தவர்கள், கூடாரம் போட ஐம்பது மீட்டர் உருட்டிச் சென்று நான்கு சக்கரத்திலும் முள் வாங்குகிறார்கள்.

டியூப்லெஸ் டயர் இதற்கு நல்ல தீர்வு. இரண்டு அங்குல அகல டயருக்கு ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவமான சீலண்டை 100 மில்லி ஊற்றலாம். ஆனால் வறண்ட வெப்பத்தில் அது சீக்கிரம் உலர்ந்து தோலாகிவிடும். மாதம் ஒருமுறை வால்வு வழியாக அளவு பார்த்து ஊற்றுங்கள். முள்ளைச் சாலையில் வைத்துப் பிடுங்காதீர்கள். சீலண்ட் அதைச் சுற்றி அடைத்திருக்கும். பிடுங்குவது மாலையில், பம்ப் கையில் இருக்கும்போது. டியூப் போடுகிறவர்கள் பசை தடவி ஒட்டும் பழைய வகை ஒட்டையே எடுத்துச் செல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டுகள் சூட்டில் மெல்ல உரிந்து வரும். பசைக் குழாயை ஒருமுறை திறந்தால் சில நாளில் காய்ந்துவிடும். பெரியது ஒன்றைவிடச் சிறியது நான்கு மேல். புது டியூப் போடும் முன் டயரின் உள்ளே துணியைச் சுற்றித் தடவுங்கள். துணி சிக்கும் இடத்தில் இன்னொரு முள் இருக்கும்.

காற்றழுத்தத்துக்கு வருவோம். விடியலில் 10 டிகிரி குளிரில் 35 பி.எஸ்.ஐ அடித்தால், அதே டயர் 45 டிகிரியில் 41 பி.எஸ்.ஐ-க்கு மேல் காட்டும். ஆகவே காலையில் கொஞ்சம் குறைவாகவே அடியுங்கள். மணலில் 20-க்குக் கீழே இறக்கலாம். அதற்கும் மேல் சக்கரம் புதைந்தால், முன்சக்கரச் சுமையைப் பின்னால் மாற்றுங்கள். அதுவும் போதவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். ஒரு சைக்கிளை இருவரும் தள்ளிவிட்டு, பிறகு அடுத்ததற்குத் திரும்பி வருவது தனித்தனியாகப் போராடுவதைவிடச் சுலபம்.

உதிரிப்பாகங்களில் மட்டும் பகிர்தல் முழுமையாகக் கைகொடுக்கிறது. இரண்டு சைக்கிளுக்கும் ஒரே சக்கர அளவு, ஒரே செயின், ஒரே பிரேக் பேடு இருந்தால், ஒரே ஒரு மடிப்பு டயர் நான்கு சக்கரத்துக்கும் காவல். உயரம் குறைந்தவருக்குச் சிறிய சக்கரம் தேவைப்பட்டால் உயரமானவரும் அதையே எடுத்துக்கொள்ளட்டும். பெரிய ஆள் சிறிய சக்கரத்தில் வசதியாக ஓட்டலாம், மறுபக்கம் அது நடக்காது. பின் கியர் மாற்றியைப் பிரேமோடு இணைக்கும் சிறு துண்டான கியர் ஹேங்கர் மட்டும் ஒவ்வொரு பிரேமுக்கும் தனி. ஆளுக்கு ஒன்று வேண்டும். ஸ்போக் அதிகம் உடைவது பின்சக்கரத்தின் வலப்பக்கம், கியர்ப் பற்களுக்குப் பின்னால். ஸ்போக் மூன்று இருந்தும் கியர்ப் பற்களைக் கழற்றும் கருவி இல்லாவிட்டால் பயனில்லை. செயினுக்கு எண்ணெய் வழிய விடாதீர்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரைக்கும் பசை ஆகிவிடும். மெழுகு பூசிய செயின் சிறந்தது. கரடுமுரடான மண் சாலையில் தினமும் மாலை கேரியர் போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள். உபரியாக எம்5 அளவில் பத்து போல்ட். கேரியர் இரும்பாக இருந்தால் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிவிடலாம். அலுமினியம் உடைந்தால் கஷ்டம்.

[திரையில்: நண்பகல் நிழல்]

விடியும் முன் கிளம்புங்கள், பதினொரு மணிக்கு நிறுத்துங்கள், நான்கு மணிக்குப் பிறகு தொடருங்கள். காற்றும் பெரும்பாலும் வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். நிழலே இல்லாத இடத்தில் இரண்டு சைக்கிள்களையும் எதிரெதிரே நிறுத்தி வெளிர்நிற விரிப்பைக் கட்டலாம். கோடையில் நண்பகல் தரை 60 டிகிரியைத் தாண்டும். நேரே தரையில் படுக்காமல் பாய்மேல் உட்காருங்கள். சாலைக்கு அடியில் உள்ள சிறு பாலங்கள் நல்ல நிழல்தான், பாம்புக்கும் அது தெரியும். பகலில் பார்த்து நுழையுங்கள். இரவில் அங்கேயோ வறண்ட ஆற்றுப் படுகையிலோ தூங்கக் கூடாது. எங்கோ தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரும். மணலில் கூடார முளை நிற்காது. பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, ஓரடி ஆழத்தில் புதைத்தால் நிற்கும்.

[திரையில்: வெப்ப அடியின் அறிகுறிகள்]

இருவர் போவதால் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதுதான். வெப்ப அடி (ஹீட் ஸ்ட்ரோக்) வாங்கியவருக்குத் தனக்கு அது வந்திருப்பது தெரியாது. காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழறல், நேர்க்கோட்டில் ஓட்ட முடியாமை இவற்றில் எதைக் கண்டாலும் உடனே நிறுத்துங்கள். சண்டை வரும்போலிருந்தால் முதலில் நிழல், தண்ணீர், உணவு. பதினைந்து நிமிடம் கழித்துப் பேசலாம். தொடர்வதா நிற்பதா என்பதில் கருத்து வேறுபட்டால் நிற்கச் சொல்பவர் சொல்லே செல்லும் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் தெரிந்துவிட்டால் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். சாட்டிலைட் மெசெஞ்சரில் அவசர அழைப்பை அழுத்துங்கள். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுக்க நனைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். குடிக்க வைத்திருக்கும் நீராயிற்றே என்று தயங்காதீர்கள். சுயநினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

ஒருவர் உதவி தேடிப் போகலாமா? வாகனம் வரும் சாலை என்றால் வேண்டாம். பைகளையும் சைக்கிள்களையும் தொலைவிலிருந்து தெரியும்படி சாலையோரம் பரப்பி, இருவரும் அங்கேயே இருங்கள். வெறும் ஆளைவிட அவை சீக்கிரம் கண்ணில் படும். சாட்டிலைட் மெசெஞ்சர் வேலை செய்யாமல், வாகனமும் வராமல், போயே ஆக வேண்டும் என்றால், இருக்கும் இடத்தின் குறியீட்டை இரண்டு போனிலும் குறித்துக்கொண்டு, தண்ணீரில் பெரும்பங்கை நோயாளியின் கைக்கெட்டும் நிழலில் வைத்துவிட்டு, வந்த சாலையையோ போக வேண்டிய சாலையையோ விட்டு விலகாமல், நெருக்கமான தண்ணீர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும் போங்கள். குறுக்குவழி எதையும் எடுக்காதீர்கள்.