எட்டு வயதும் ஈரத் துவாயும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கிழக்கு இலண்டனில் உள்ள ஒரு நீச்சல் தடாகத்தில், சனிக்கிழமை காலைகளில் சிறுவர் வகுப்புக்கு உதவி ஆசிரியையாக நிற்பவள் நான். இந்த உரைக்கு என்னை அழைத்தபோது, பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏறிய பிறகு நடப்பதைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். எங்கள் வரவேற்பு மேசையில் எழும் வாக்குவாதங்களில் நீச்சலைப் பற்றியவை குறைவு. பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் ஏழு, எட்டு வயது மகனையோ, ஆண்கள் அறைக்குள் அதே வயது மகளையோ கூட்டிச் செல்லலாமா என்பதுதான் அங்கே ஓயாத பேச்சு.

பிரித்தானியாவின் பல தடாகங்களில் அந்தக் கதவில் ஒட்டியிருக்கும் எண் 8. எட்டு வயதான பிள்ளை ஆணென்றால் ஆண்கள் அறைக்கும் பெண்ணென்றால் பெண்கள் அறைக்கும் போகவேண்டும் என்பது அதன் பொருள். இதை நாட்டுச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தனித்தனி அறைகள் வைப்பதற்கு இடம் தருகிறதே தவிர, பிள்ளை எந்த வயதில் எந்தக் கதவால் போகவேண்டும் என்று சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பது தடாகத்தை நடத்தும் நிர்வாகம். என்றாலும் இந்த எட்டை வேறு இடங்களிலும் காணலாம். இங்கிலாந்தின் பாடசாலை வளாகங்களுக்கான 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், எட்டு வயதும் அதற்கு மேலும் ஆன மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள் இருக்கவேண்டும் என்கின்றன. ஒருவர் மட்டும் உள்ளே பூட்டிக்கொண்டு பயன்படுத்தும் அறைக்கு மட்டும் விலக்கு. பல தடாகங்களில், எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை 16 வயதுக்குக் குறையாத ஒருவருடன்தான் நீந்த வரலாம். ஆகவே எட்டாவது பிறந்தநாளன்று அந்தப் பிள்ளைக்கு, தனியே வரலாம் என்ற அனுமதியும் அம்மாவுடன் உள்ளே போகக்கூடாது என்ற தடையும் ஒன்றாக வந்து சேருகின்றன.

எட்டு சரியான வயதா? ஜப்பானில் இதே கேள்வியைப் பொதுக் குளியல் இல்லங்களை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அங்கே உடலில் துணியே இல்லாமல் குளிப்பது வழக்கம் என்பதால், அதை நம் தடாகத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும் அவர்கள் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. சுகாதார அமைச்சின் ஆய்வுக்குழு 7 முதல் 12 வயது வரையான பிள்ளைகளிடமே கேட்டது. மறுபாலாருடன் குளிக்க வெட்கப்படத் தொடங்கிய வயது என்று அதிகமான பிள்ளைகள் சொன்னது 6. அதற்கு அடுத்தது 7. அதன் பிறகு, 2020 டிசம்பரில், கலந்து குளிக்கக் கூடாத வயதை ஏறக்குறைய 10 என்பதிலிருந்து ஏறக்குறைய 7 என்று அமைச்சு தன் வழிகாட்டலில் மாற்றியது; டோக்கியோ மாநகரத்தில் 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தென்கொரியா அதே 2022இல் இன்னும் கீழே இறங்கி, நான்கு வயது நிறைந்த பிள்ளையைக்கூட மறுபாலாரின் குளியல் பகுதிக்குள் விடக்கூடாது என்று விதித்தது.

இவற்றையும் நான் தடாகத்தில் காண்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரே எண்ணை வைத்து இரண்டு வேறு காரியங்களை அளக்கிறோம் என்றே தோன்றுகிறது. வெட்கம் ஒன்று, கைத்திறன் இன்னொன்று. வெட்கத்துக்கு எட்டு வயது பிந்திவிட்டது. தனியே உடை மாற்றி, பொருள்களைத் தொலைக்காமல் வெளியே வருவதற்கோ எட்டு வயது முந்திவிட்டது.

பிந்திவிட்டது என்பதை ஒரு சிறுமி எனக்குக் கற்பித்தாள். வகுப்பு முடிந்து அரைமணி நேரமாகியும் ஈர நீச்சலுடையோடு, பெண்கள் அறையில் உள்ள கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டு நின்றாள். கதவைத் தட்டிக் கேட்டதற்கு, வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும் பையன் தன் வகுப்பில் படிப்பவன் என்று மெல்லிய குரலில் சொன்னாள். பையனுக்கு ஏழு வயதும் சில மாதங்களும். விதிப்படி அவன் அங்கே இருக்கலாம். தாய் தலை துவட்டிக்கொண்டிருக்க, அவன் உருளைக்கிழங்குப் பொரியல் பொதியைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தான். யார் மீதும் குற்றமில்லை. ஆனால் திங்கட்கிழமை அவனைப் பாடசாலையில் பார்க்க வேண்டியவள் அவள். பெரியவர்கள் பலர், சின்னப் பிள்ளைதானே, அவனுக்கு என்ன தெரியும் என்பார்கள். அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருந்தது.

முந்திவிட்டது என்பதை என் மகனே கற்பித்தான். எட்டு வயது முடிந்த அடுத்த வாரம் அவனை முதன்முறையாக ஆண்கள் அறைக்கு அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். அவன் தகப்பனுக்குச் சனிக்கிழமைகளில் வேலை. இருபது நிமிடம் கழித்து, சப்பாத்து கால் மாறி, நனைந்த சட்டையோடு, லொக்கர் திறப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்த பின்தான் தெரிந்தது, காற்சட்டைக்கு உள்ளே ஈர நீச்சலுடையை அவன் கழற்றவே இல்லை என்று. அதன் இடுப்புக் கயிற்றின் முடிச்சு தண்ணீரில் ஊறி இறுகிவிட்டது. அவன் விரலுக்கு அது அவிழவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். தெரியாத ஆட்களோடு கதைக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மகளைக் கூட்டிவரும் தகப்பன்மாரின் பாடு இதைவிடக் கடினம். பழைய தடாகங்களில் ஆண்கள் பகுதிக் குளியல் பெரும்பாலும் மறைப்பில்லாத திறந்த வரிசை. ஐந்து வயது மகளின் முகத்தைத் துவாயால் மூடியபடி சுவரோரமாக நடத்திச் செல்லும் தகப்பனை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்காகக் கட்டடக்காரர்கள் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே 'சேஞ்சிங் வில்லேஜ்' என்கிறார்கள்: ஆண், பெண் என்று பிரிக்காமல், அனைவருக்கும் பொதுவான கூடத்தில் பூட்டக்கூடிய சிறிய அறைகளும், குடும்பமாக நுழையக்கூடிய சில பெரிய அறைகளும். புதிய தடாகங்களில் இது பரவலாகிவிட்டது. குடும்ப அறை இருக்கும் இடத்தில் எட்டு வயது வாக்குவாதமே எழுவதில்லை என்பது என் அனுபவம். குறை இல்லாமலும் இல்லை. தடுப்புச் சுவர் தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் ஒரு முழம் விலகி நின்றால், பூட்டிய கதவால் பயனில்லை. அந்த இடைவெளியில் தொலைபேசியை நீட்டிப் பாலியல் நோக்கோடு படமெடுப்பது 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத்தின் கீழ்த் தண்டனைக்குரியது என்றாலும், சட்டத்தைவிட முழுச் சுவர் மேல் என்பேன். மேலும், குடும்ப அறைகள் எண்ணிக்கையில் குறைவு. தனியாக வரும் பெரியவர்கள், இடம் தாராளமாக இருக்கிறது என்று அவற்றுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வயது எண்ணே பொருந்தாது. பன்னிரண்டு வயதிலும் தாயின் உதவி தேவைப்படும் மகனுக்குத் தனி அறையைத் திறந்து கொடுப்பதே முறை. அங்கே விளக்கம் கேட்டு நிற்பது அநாகரிகம்.

என் அம்மா இந்தக் கதவு எண்ணை முதலில் பார்த்தபோது சிரித்தார். யாழ்ப்பாணத்தில், கிணற்றடியில் பெண்கள் குறுக்குக்கட்டோடு குளித்து, காய்ந்த துணியை மேலே சுற்றி, ஈரத்துணியை அதன் கீழாக நழுவவிட்டு, ஒரு கணமும் உடல் வெளித்தெரியாமல் உடை மாற்றிய தலைமுறை அவருடையது. கீரிமலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. சிறு பையன்கள் தாயோடு பெண்கள் கேணிக்குப் போவதை நிறுத்தும் வயதை எந்தப் பலகையும் சொன்னதில்லை என்றும், ஏதோ ஒரு நாள் மாமா கையைப் பிடித்து மற்றப் பக்கம் கூட்டிப் போய்விடுவார் என்றும் சொன்னார். நமக்கு இங்கே அந்த மாமா இல்லை. ஆனால் குறுக்குக்கட்டின் வித்தை இருக்கிறது. அம்மாவே என் மகனுக்குப் பெரிய துவாயை இடுப்பில் இறுக்கிச் செருகவும், அதற்குள்ளேயே உடை மாற்றவும் குளியலறையில் வைத்துப் பழக்கினார். அவனுக்கு இரண்டு கிழமை எடுத்தது.

ஆகவே என் வகுப்புப் பெற்றோரிடம் நான் கேட்பது சிறிய காரியம். பிள்ளைக்கு ஏழு வயதானதும், நீங்கள் பக்கத்தில் நிற்க, அவனே எல்லாவற்றையும் செய்யட்டும். முடிச்சுக் கயிறு இல்லாத இழுவைப் பட்டி நீச்சலுடை வாங்குங்கள். பையில் கடைசியாக அணிவதை முதலில் வையுங்கள். துவாய் மேலே இருக்கட்டும். காலுறையை விட்டுவிடலாம், ஈரக்காலில் அது ஏறாது. தெரியாதவர்களோடு கதைக்காதே என்பதோடு, ஊழியர் சீருடை எப்படி இருக்கும் என்பதையும் காட்டிக் கொடுங்கள். பெண்பிள்ளை தகப்பனோடு வருவதானால், வீட்டிலிருந்தே நீச்சலுடையை உள்ளே அணிந்து வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இங்கிலாந்துப் பாடத்திட்டப்படி, ஆரம்பப் பாடசாலையை முடிக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது 25 மீற்றர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்குப் பயந்து வகுப்பை நிறுத்திய குடும்பங்கள் இரண்டை எனக்குத் தெரியும். இரண்டுமே பெண்பிள்ளைகள் உள்ள வீடுகள்.

என் மகனுக்கு இப்போது ஒன்பது. ஆண்கள் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "தம்பி, முடிஞ்சுதோ?" என்று நான் கூப்பிடுவது வழக்கமாக இருந்தது, உள்ளே எத்தனை தமிழ்த் தம்பிகள் இருந்தாலும் எல்லோரும் "ஓம்" என்பார்கள். போன சனிக்கிழமை அவன் தலை துவட்டி, சப்பாத்துக் கட்டி, என்னிடம் நேராக வந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்: "அம்மா, இனிமேல் வெளியில நிண்டு கூப்பிடாதேங்கோ."