ஹூலா ஆசிரியர் எப்படி உருவாகிறார்?

[காட்சி: ஹிலோ நகர மேடை, சுரைக்குடுவை மேளத்துடன் தரையில் ஒரு ஆசிரியர்]

ஹவாயில் ஹூலா என்ற பாரம்பரிய நடனத்தைச் சொல்லிக்கொடுப்பவரை குமு ஹூலா என்பார்கள், அவர் நடத்தும் பள்ளி ஹாலாவ். ஒரு குமு தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயரையும், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் சேர்த்தே சொல்வார். அந்த வரிசைதான் அவருடைய தகுதி.

ஆடத் தெரிந்தால் மட்டும் யாரும் குமு ஆகிவிட முடியாது. பழைய பாடல்களை ஹவாய் மொழியில் பொருள் தெரிந்து ஓத வேண்டும், ஆடுபவர்களுக்காக மேளம் தட்டிக்கொண்டே பாட வேண்டும், எந்தச் செடியை எப்படிக் கேட்டுப் பறிக்க வேண்டும் என்பதில் தொடங்கி மாலை கட்டுவது வரை எல்லாம் பயிற்சிதான். பல பள்ளிகளில் வாசலில் நின்று அனுமதி கேட்டு ஒரு பாட்டு பாடி, உள்ளிருந்து பதில் பாட்டு வந்த பிறகுதான் நுழைவார்கள். முடிவில் ஊனிகி என்ற சடங்கு. அந்தக் காலத்தில் பயிற்சி முடியும்வரை முடி, நகம் வெட்டக்கூட தடை இருந்தது.

[காட்சி: பழைய ஹொனலுலு ஓவியம்]

இந்தச் சங்கிலி அறுந்துபோயிருக்க வேண்டியது. கிறிஸ்தவத்துக்கு மாறிய காஅஹுமனு அரசி 1830-இல் பொது இடத்தில் ஹூலா ஆடத் தடை போட்டார். கிராமத்துக் குடும்பங்கள் சத்தமில்லாமல் அதைக் காப்பாற்றின. கலாகாவுஆ மன்னர் 1883-இல் தன் முடிசூட்டு விழாவிலேயே அதை ஊரறிய ஆட வைத்தார்.

அப்புறம் வந்தவர்களில் எனக்கு மிகப் பெரிய ஆள் மைக்கி ஐயூ லேக். லோகாலியா மாண்ட்கோமெரியிடம் கற்றவர். 1972-இல் அவர் ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு வகுப்பு தொடங்கினார், அடுத்த ஆண்டே முதல் அணி ஊனிகி முடித்து வெளியே வந்தது. அவர்களில் ஒருவர் ராபர்ட் கசிமெரோ. ஆண்கள் ஹூலா ஆடுவது அருகிப்போயிருந்த நேரத்தில், மைக்கியின் தூண்டுதலால், 1975-இல் ஆண்களுக்கு மட்டுமான ஹாலாவ் நா கமலெய் பள்ளியைத் தொடங்கினார். ஒரு வகுப்பிலிருந்து இத்தனை பள்ளிகள் கிளைத்திருக்கின்றன என்பதை இன்றைக்கும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

[காட்சி: எரிமலைக் குழம்பு]

ஹிலோ பக்கம் கதை வேறு, அங்கே எல்லாம் குடும்பத்துக்குள்தான். எடித் கனகாஒலே தன் தாயிடம் கற்றார். எரிமலைத் தெய்வமான பெலேயின் பாடல்களுக்கு முழங்காலை நன்றாக மடித்துத் தாழ்ந்து ஆடும் வேகமான பாணி அவர்களுடையது. ஹாலாவ் ஓ கெகுஹி என்ற பள்ளி அவருக்குப் பின் மகள்கள் புஅலானி, நாலானி கைக்குப் போனது. 2023-இல் அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தில் எடித்தின் முகம் வந்தது.

கலாகாவுஆ மன்னரின் நினைவாக அதே ஹிலோவில் நடக்கும் மெர்ரி மோனார்க் விழாவில் 1971 முதல் ஹூலா போட்டி உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஹூலா கற்க ஆசை வந்தால், சரி, ஆசிரியரிடம் முதலில் இரண்டு விஷயம் கேளுங்கள்: யாரிடம் கற்றீர்கள், சொல்லிக்கொடுக்க அவர் அனுமதி தந்தாரா? எல்லோரும் ஊனிகி முடித்திருக்க மாட்டார்கள், சில குடும்பங்களில் பெரியவர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். ஆனால் பெயரே சொல்லத் தயங்குகிறவரிடம் நான் சேர மாட்டேன்.