கண்ணிவெடியைப் புதைத்தவர் யார்?

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் எதிரணியில் பேசி அமர்ந்திருக்கும் அன்புத் தம்பி அவர்களே, நிஷிகசாயிலிருந்தும் யோகோஹாமாவிலிருந்தும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தக் குளிரில் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

"கபுகிச்சோ தெருவில் சீரழியும் ஜப்பானிய இளம்பெண்களின் நிலைக்குக் காரணம் நாகரிக மோகமா, கைவிட்ட சமூகமா?" இதுதான் இன்றைய கேள்வி. கபுகிச்சோ என்பது டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் இருக்கும் இரவுக் கேளிக்கைத் தெரு. கைவிட்ட சமூகமே என்று பேச வந்திருக்கிறேன்.

அந்தத் தெருவில் இந்தப் பெண்கள் போடும் உடையை நேரில் பார்க்காதவர்கள் இந்த அவையில் இருக்கலாம். கறுப்பும் இளஞ்சிவப்பும்தான் அதன் நிறம். கழுத்தில் பெரிய ரிப்பன், கை நுனிவரை லேஸ் மடிப்பு வைத்த சட்டை, குட்டைப் பாவாடை, அடி தடித்த ஷூ, இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டிய கூந்தல். முதுகுப்பையில் மை மெலடியோ குரோமியோ ஒரு பொம்மை தொங்கும். முகப்பூச்சைத்தான் கவனிக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே லேசாகப் புடைத்திருக்கும் சதையை இங்கே 'நமிதாபுகுரோ' என்பார்கள். கண்ணீர்ப் பை. அதன்மேல் சிவப்பைத் தீட்டி, இப்போதுதான் அழுது ஓய்ந்த கண் மாதிரி ஆக்கிக்கொள்கிறார்கள். இந்தப் பாணிக்கு 'ஜிராய் கேய்' என்று பெயர். ஜிராய் என்றால் கண்ணிவெடி.

ஐயா, அந்தப் பெயரை அந்தப் பெண்கள் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளவில்லை. 'பார்க்க அழகா இருப்பா, நெருங்கினா வெடிச்சிடுவா, கால வைக்காதே' என்று ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட 'ஜிராய் ஒன்னா', கண்ணிவெடிப் பெண், என்ற வசையிலிருந்து வந்தது அது. எறிந்த வசையைப் பொறுக்கி எடுத்து, அந்தப் பிள்ளைகள் அதையே தைத்து உடுத்திக்கொண்டார்கள். கண்ணிவெடி என்றால் என்ன என்று இந்த அவையில் இருக்கும் வன்னி உறவுகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது மண்ணில் தானாக முளைப்பதில்லை. ஒருவர் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மூடிவிட்டுப் போகிறார். எங்கள் அணி கேட்பது அந்த ஆளைப் பற்றித்தான்.

தம்பி என்ன சொன்னார்? அழுத கண்ணை அழகென்று காட்டுவதே நோயைப் பரப்புவது என்றார். டிக்டாக்கில் அதைப் பார்க்கிற 14 வயதுப் பெண் அந்த உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷின்ஜுகுவுக்கு ரயில் ஏறிவிடுகிறாள் என்றார். பணக்கார நாடு, நல்ல பள்ளி, மலிவான மருத்துவம், இந்தப் பிள்ளைகளுக்கு என்ன குறை என்றும் கேட்டார். அவர் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்கமாட்டேன். படத்தைப் பார்த்துத்தான் பலரும் அந்தத் தெருவுக்கு வழி தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் வழி காட்டியது ஒன்று, வீட்டைவிட்டு விரட்டியது இன்னொன்று.

இதே வழக்கு 30 வருடத்துக்கு முன்னால் டோக்கியோவின் இன்னொரு பகுதியான ஷிபுயாவில் நடந்திருக்கிறது ஐயா. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் பள்ளிச் சீருடைப் பாவாடையைச் சுருக்கி, முடியை வெளுத்து, தோலைக் கறுக்க வைத்து, கணுக்காலில் தொளதொளவென்று வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள் 'கோக்யாரு' பெண்கள். கூடவே 'என்ஜோ கோசாய்' என்ற சொல்லும் வந்தது. நேர்ப்பொருள், 'உதவி செய்து பழகுதல்'. பள்ளி மாணவியை நடுத்தர வயது ஆண் காசு கொடுத்து அழைத்துப் போவதற்கு அந்த நாளில் வழங்கிய பெயர்! 1996-ஆம் ஆண்டின் பெயர்பெற்ற சொற்கள் பட்டியலில் அந்தச் சொல்லும் இருந்தது, அந்தக் காலுறையின் பெயரும் இருந்தது. அன்றைக்கும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, காலுறையைக் காட்டித்தான் 'பெண்கள் கெட்டுவிட்டார்கள்' என்றார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை விலைக்கு வாங்குகிறவனைத் தண்டிக்க நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் வர 1999 ஆயிற்று.

சரி, அந்தக் காலுறை போய்விட்டது. கறுத்த தோல் போய், இப்போது வெளுத்த முகம். காரணம் உடைதான் என்றால், உடை மாறியபோது நோயும் போயிருக்க வேண்டுமே தம்பி? 'என்ஜோ கோசாய்' என்ற பெயர் பழசாகி, 'பாப்பா கட்சு' என்ற பெயர் வந்தது. 'பாப்பா' என்றால் இங்கே அப்பா. பணம் கொடுத்து ஒரு பெண்ணை அழைத்துப் போகிறவருக்கு அப்பா என்று பெயர். உடை இரண்டு தலைமுறை மாறியும் பணப்பையைத் திறக்கிற கை மாறவில்லை. அந்தக் கை லேஸ் சட்டை போட்ட கை அல்ல. அலுவலகத்துக்குப் போகிற கோட்டுக்குள் இருக்கிற கை.

இப்போது கபுகிச்சோவுக்கு வாருங்கள். பழைய கோமா நாடக அரங்கம் இருந்த இடத்தில் 2015-ல் தோஹோ கட்டடம் எழுந்தது. மாடியிலிருந்து காட்ஜில்லா தலை எட்டிப் பார்க்கும், நம்மில் பலர் அதன் கீழே நின்று படம் எடுத்திருக்கிறோம். அந்தக் கட்டடத்தின் பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைகளுக்கு 'தோயோகோ' என்று பெயர் விழுந்தது. தோஹோவுக்கு 'யோகோ', அதாவது பக்கத்தில். நாம் படம் எடுத்த இடத்திலிருந்து பத்தடி தூரம்தான்.

ஏன் அங்கே வருகிறார்கள்? அந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சொல் 'இபாஷோ'. இருக்கிற இடம் என்று பொருள். 'இபாஷோ கா நாய்': எனக்கு இருக்க இடமில்லை. கூரை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, அங்கே அவள் இருக்க முடியவில்லை. என்ன குறை என்று கேட்டீர்களே தம்பி. குழந்தை வதை குறித்து இந்நாட்டுக் குழந்தை நல மையங்கள் கையாளும் வழக்குகள் 2020-ஆம் நிதியாண்டில் 2,00,000-ஐத் தாண்டின, அதற்குப் பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. தாயோ தந்தையோ தனியாக வளர்க்கும் வீடுகளில் ஏறக்குறைய பாதி வறுமையில் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டுக் கணக்கு 44.5 சதவீதம் என்கிறது. 2020-ல் யுனிசெஃப் 38 நாடுகளின் குழந்தைகளை ஒப்பிட்டது. உடல் நலத்தில் ஜப்பான் முதலிடம், மன நலத்தில் 37-ஆவது. 2024-ல் இந்த நாட்டில் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள் 529 பேர். அதுவரை இல்லாத எண்ணிக்கை ஐயா. அந்த 529 பேரில் பெரும்பாலோர் ஜிராய் கேய் சட்டையைத் தொட்டே பார்க்காத, சீருடை போட்ட சாதாரணப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

ஓடி வந்த பிள்ளையை இந்தச் சமூகம் எப்படி வரவேற்கிறது? காவல் துறை சுற்றி வளைத்துப் பிடிக்கிறது, பெற்றோரைக் கூப்பிட்டு ஒப்படைக்கிறது. எந்த வீட்டிலிருந்து ஓடினாளோ அதே வீட்டுக்கு! தற்காலிகக் காப்பகத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், அங்கிருந்து தன் பள்ளிக்குப் போவதும் கடினம். தப்பு செய்தவர் வீட்டில் இருக்க, தப்பி வந்தவள் உள்ளே இருக்கிறாள். அதனால்தான் பல பிள்ளைகள் காப்பகம் என்ற பெயரைக் கேட்டாலே தெருவே மேல் என்கிறார்கள். ஒசாகாவில் டோதோன்போரி கிளிகோ விளம்பரப் பலகைக்குக் கீழே இதே மாதிரிப் பிள்ளைகள் கூடுவார்கள். 2025-ல் உலகக் கண்காட்சிக்கு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று அந்த இடத்தில் நகராட்சி தடுப்புச்சுவர் எழுப்பியது. உட்கார இடமில்லை என்று வந்தவளிடமிருந்து உட்காரும் இடத்தையும் எடுத்தாகிவிட்டது.

டோக்கியோ மாநகர அரசு 2024-ல் கபுகிச்சோவிலேயே ஓர் ஆலோசனை மையம் திறந்தது. நல்ல காரியம், வணங்குகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் யார்? ஹோஸ்ட் கிளப் பையன்கள். பெண்களிடம் இனிக்கப் பேசி மதுவுக்குச் செலவழிக்க வைக்கும் இரவு விடுதிதான் ஹோஸ்ட் கிளப். 'சாப்பிட்டியா' என்று கேட்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022-ல் வயது வந்தவர் என்று சட்டம் ஏற்கும் வயதை 20-லிருந்து 18-ஆகக் குறைத்த பிறகு, 18 முடிந்த பெண் தானே கையெழுத்துப் போட்டுக் கடன்காரி ஆகலாம். காதலிக்கிறேன் என்கிறான், ஷாம்பெயின் திறக்கச் சொல்கிறான், கணக்கில் எழுதிக்கொள்கிறான். அந்தப் பற்றுக்கு 'உரிகாகே' என்று பெயர். பற்று ஏறியதும் எங்கே போய்ச் சம்பாதிக்கலாம் என்றும் அவனே காட்டுகிறான். நடந்து போகிற தூரத்தில் ஓகுபோ பூங்கா. 2023-ல் அந்தப் பூங்காவைச் சுற்றி ஆண்களை அழைத்து நின்றதற்காகக் காவல் துறை 140 பெண்களைப் பிடித்தது. அதில் பத்துக்கு நான்கு பேர், ஹோஸ்டுக்கும் மேடையில் பாடி ஆடும் பையன்களுக்கும் செலவழிக்கத்தான் நின்றோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிடிபட்டவர்கள் யார் என்று பாருங்கள். 1956-ல் வந்த விபசாரத் தடுப்புச் சட்டப்படி தெருவில் நின்று அழைப்பவளுக்குத் தண்டனை. 18 வயது நிரம்பிய பெண்ணிடம் போகிறவனுக்குத் 'தடை' என்று ஒரு வரி இருக்கிறது, தண்டனை இல்லை. பாலுறவுக்கு இணக்கம் சொல்லும் வயது 13 என்று 1907-ல் தண்டனைச் சட்டத்தில் எழுதியதை 16 ஆக்க 2023 வரை, 116 வருடம், இந்தச் சமூகத்துக்கு அவகாசம் தேவைப்பட்டது. எய்தவன் இருக்க அம்பை நோவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். 2025-ல் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு, காதலைக் காட்டிக் கடன் ஏற்றுவதையும், கடனைக் காட்டிப் பெண்ணை அந்தத் தொழிலுக்குத் தள்ளுவதையும், தள்ளியவனுக்குத் தரகு கொடுப்பதையும் தடை செய்தது. தம்பி, அந்தத் திருத்தத்தில் ரிப்பனைப் பற்றியோ லேஸைப் பற்றியோ ஒரு வரி உண்டா? காரணம் எது என்று இந்த நாட்டு நாடாளுமன்றமே எங்கள் அணிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

ஐயா, மணி கேட்டது. ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள்.

நான் வாரத்தில் நான்கு நாள் ஒரு மருந்துக்கடையில் பார்ட் டைமாகக் கல்லாவில் நிற்கிறேன். போன நவம்பரில் ஒரு நாள் இரவு ஒரு பெண் வந்தாள். அதே கறுப்பு, அதே இளஞ்சிவப்பு, பையில் மை மெலடி. ஓர் ஓனிகிரி (சோற்று உருண்டை), ஒரு பிளாஸ்டர் பெட்டி, இரண்டு பெட்டி இருமல் மாத்திரை. இந்த நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 60 பேருக்கு ஒருவர், ஒரே வருடத்தில், கடையில் கிடைக்கும் மருந்தை மயக்கத்துக்காக விழுங்கியிருக்கிறார்கள் என்று 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் இந்த மாத்திரைக்கு விதி உண்டு: ஒருவருக்கு ஒரு பெட்டி, சின்ன வயதென்றால் பெயரும் வயதும் கேட்க வேண்டும். நான் மருந்து விற்க உரிமம் பெற்ற அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பணிவாகத்தான் கேட்டார். 'வேற கடையில வாங்கினீங்களா? இருமல் எத்தனை நாளா இருக்கு?' அவள் 'தைஜோபு தெஸ்' என்று சொல்லிவிட்டு இரண்டு பெட்டியையும் திருப்பி வைத்துவிட்டாள். தைஜோபு என்றால், எனக்கு ஒன்றுமில்லை, பரவாயில்லை.

காசு கொடுக்கக் கை நீட்டும்போது பார்த்தேன். லேஸ் மடிப்பு விரல் முட்டிவரை வழிந்திருந்தது. தட்டிலிருந்து சில்லறையை எடுக்கையில் அது மேலே ஏற, சட்டென்று மறு கையால் இழுத்து விட்டுக்கொண்டாள். பிளாஸ்டர் எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மடிப்பை மோகம் என்கிறார் தம்பி. நான் பார்த்தபோது அது கதவாக இருந்தது, அவள் உள்ளிருந்து சாத்திக்கொண்ட கதவு.

போகும்போது திரும்பிக் கேட்டாள்: "கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

"பதினோரு மணி வரைக்கும்" என்றேன்.

கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்தாள். பிறகு, வாங்க ஒன்றும் இல்லாமலே, வெளிச்சமாக இருந்த ஷாம்பு அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கடை மூடும் பாட்டுப் போட்டோம். அவள் ஓனிகிரியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு முறை தலை குனிந்துவிட்டு, ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

நன்றி, வணக்கம்.