கதிர் வரட்டும் – மேலூர் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும், பந்தலுக்குள்ளே உட்கார்ந்தும் வெளியே வண்டிமேல் சாய்ந்தும் கேட்டுக்கொண்டிருக்கிற மேலூர் மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். தூக்குத் தண்டனை வேண்டாம் என்று ஓர் அரசியல்வாதி சொன்னால், அவரைச் சொல்ல வைப்பது மனிதநேயமா, வாக்கு வங்கியா? மனிதநேயமே என்று பேசத்தான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் மேற்கொண்டு பேச எனக்கு மனசு வரவில்லை.

என்ன சொன்னார்? கொலைகாரனைத் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது மாதிரி என்று வள்ளுவரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன பேச்சு என்று கேட்டார். அதோடு விட்டாரா? "களை எடுக்க மாட்டேன் என்கிற அரசியல்வாதிக்கு வயல்மேல் அக்கறை இல்லை, ஓட்டு அறுவடைமேல்தான் கண்" என்றார். பந்தலே கைதட்டியது.

அண்ணே, களை எடுப்பதைப் பற்றி மேலூரில் வந்து பேசியிருக்கிறீர்கள். பெரியாறு தண்ணீர் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டி நமக்கு ஒருபோகம். ஒரே போகம்தான் என்பதால் இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒவ்வொரு நாற்றும் கணக்கு. முன்வரிசையில் இருக்கிற அக்காமார்களே, நான் சொல்லப்போவது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் அப்பத்தா களை எடுக்கிற கூட்டத்துக்குத் தலைவி. எங்கள் சித்தி மதுரை டவுனிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். வந்த வருசமே, நானும் வருகிறேன் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். அடேயப்பா, என்ன வேகம்! மற்றவர்கள் குனிந்து ஒரு முழம் நகர்வதற்குள் சித்தி நாலு முழம் போய்விடுவார். இவள் வேலைக்காரி, இவளைக் கட்டியவன் பிழைத்தான் என்று கூட வந்த பெண்கள் எல்லாம் புகழ்கிறார்கள். சித்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் வேகம். மதியம் கஞ்சிக்கு வரப்பில் ஏறினால், சித்தி பிடுங்கிப் போட்ட குவியல்தான் எல்லாவற்றிலும் பெரிசு.

அப்பத்தா அந்தக் குவியல் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கஞ்சியைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிரித்து முடித்துப் பார்த்தால் பாதிக்குமேல் நெல்லு நாற்று!

குதிரைவாலிப் புல் இருக்கிறதே, அது இளசில் அச்சு அசலாக நெல்லு மாதிரியே நிற்கும். அதே பச்சை, அதே உயரம், நெல்லோடு நெல்லாகவே நிற்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பத்தா ஒரு நாற்றை எடுத்துச் சித்தி கையில் கொடுத்தது. இலையை மெல்லப் பின்னால் மடக்கு, தண்டோடு சேர்கிற இடத்தைப் பார் என்றது. அங்கே வெள்ளையாக, மெல்லிசாக, நகக்கண் அளவுக்கு ஒரு நாக்கு. நெல்லுக்கு அந்த நாக்கு இருக்கும். புல்லுக்கு இருக்காது. அக்கா, உண்மையா இல்லையா? தலையாட்டுகிறார்கள் பாருங்கள் நடுவர் அவர்களே.

அப்பத்தா சித்தியைத் திட்டவில்லை. ஒன்றுதான் சொன்னது: "சந்தேகம்னா விட்டுரு தாயி. கதிர் வரட்டும். கதிர் வந்தா எது நெல்லு, எது புல்லுன்னு அதுவே சொல்லிரும்." அப்புறம் பிடுங்கிய நாற்றையெல்லாம் எல்லாருமாகச் சேர்ந்து திரும்ப ஊன்றினோம். பாதி பிழைத்தது.

அண்ணே, இதுதான் களை எடுக்கிற லட்சணம். வேகமாகப் பிடுங்குகிறவரை வேலைக்காரர் என்று ஊர் புகழும். குவியலைப் பிரித்துப் பார்க்க ஓர் அப்பத்தா வேண்டும்.

இப்போது ராஜீவ் காந்தி கொலை வழக்குக்கு வாருங்கள். 1998 ஜனவரியில் தடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட நீதிமன்றம் எத்தனை பேருக்குத் தூக்கு விதித்தது? 26 பேருக்கு. ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும். அடுத்த வருடம், 1999 மே மாதம், உச்ச நீதிமன்றம் அந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்தது. 4 பேருக்குத்தான் தூக்கு நின்றது. 3 பேருக்கு ஆயுள். மீதி 19 பேரை வெளியே விட்டுவிட்டது. 26-ல் 19! அந்த முதல் தீர்ப்பு அப்படியே நிறைவேறியிருந்தால் அந்தப் பத்தொன்பது பேரை எந்த வரப்பில் திரும்ப ஊன்றுவீர்கள்?

அந்த நாக்கு சொன்னேனே, அதற்கும் வருகிறேன். தூக்கு நின்ற அந்த நாலு பேரில் ஒருவர் பேரறிவாளன். அவர்மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டு, வெடிகுண்டுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது. அவரிடம் வாக்குமூலம் வாங்கிய சிபிஐ அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு, 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார்: அந்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை நான் எழுதவில்லை என்று. இலையடியில் பார்க்க வேண்டிய அந்தச் சின்ன நாக்கை, எழுதும்போதே கிள்ளிப் போட்டுவிட்டார்கள். கதிர் வர 22 வருடம் ஆனது. அதற்குள் 2011 செப்டம்பர் 9 என்று வேலூர் சிறையில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் தூக்குக்கு நாளே குறித்துவிட்டார்கள்!

அப்போதுதான் அரசியல்வாதி வருகிறார். ஆகஸ்ட் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா, குடியரசுத் தலைவர் நிராகரித்த பிறகு எனக்கு அதிகாரம் இல்லை என்றார். மறுநாளே, மூவரின் கருணை மனுவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவரே தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. அன்றைக்கே சென்னை உயர் நீதிமன்றமும் தடை கொடுத்தது. ஒரே ராத்திரியில் மாறினாரே, இது ஓட்டு இல்லையா என்று எதிரணி கேட்கிறது. அந்த ராத்திரி தமிழ்நாடு எப்படி இருந்தது? காஞ்சிபுரத்தில் செங்கொடி என்கிற பெண் மூவரையும் தூக்கிலிடாதே என்று அதற்கு முந்தின நாள்தான் தனக்கே தீ வைத்து வெந்து போயிருந்தாள். தெருவெல்லாம் அழுகை. அதைக் கேட்டும் அசையாமல் இருந்தால்தான் தலைவரா? மக்கள் அழுது ஒரு முதல்வர் மாறினார் என்றால் நான் அந்த முதல்வரைக் கும்பிடுவேன். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

சரி, ஓட்டுக்காகவே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு பேரில் நாலாமவரான நளினிக்குத் தூக்கு வேண்டாம், அவருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது என்று கேட்டவர் யார்? சோனியா காந்தி. 2000-ல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. ஸ்ரீபெரும்புதூரில் புருசனைப் பறிகொடுத்த பெண் அவர். அந்தக் கணக்கில் எந்த ஓட்டு, எந்த வங்கி? சொல்லுங்கள் அண்ணே.

மணி அடிக்க நடுவர் கை போகிறது, தெரிகிறது. இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

1991 ஜூன் மாதம் ஒரு தாய், 19 வயதுப் பையனைத் தானே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். விசாரித்துவிட்டு நாளைக்கு அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அந்த நாளைக்கு, 2022 மே 18-ல் வந்தது. அந்தப் பையன் பேரறிவாளன், அந்தத் தாய் அற்புதம்மாள். கோர்ட் வாசல், சிறை வாசல், எல்லாக் கட்சித் தலைவர்கள் வீட்டு வாசல். அவர் ஏறாத படி இல்லை. நரைத்து, முதுகு வளைந்து, கையில் ஒரு பையோடு. ஸ்ரீபெரும்புதூரில் அன்றைக்குச் செத்தவர்களுக்கும் தாய் உண்டு, நான் மறக்கவில்லை. அந்தத் தாய்மார்களின் வயிறு இன்னொரு தாயின் வயிறு எரிந்தால் ஆறிவிடுமா? பிள்ளை பெற்ற அக்காமார்களே, ஆறுமா?

அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் பேசுகிறேன் அம்மா என்று சொன்ன ஒவ்வொரு அரசியல்வாதிக்காகவும்தான் இங்கே நிற்கிறேன். அவரை மனசில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.